800 ஸ்பிரிங் மெத்தையை அறுத்துப் பார்த்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிக்காரன்

பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை வாங்கலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் இரண்டு வாங்கியிருக்கிறேன். முதலாவதில் ஏமாந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை எங்கள் வீட்டில் தேங்காய் நார் மெத்தை. வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி வந்ததும் மாற்றலாம் என்று கிளம்பினோம். கடை சேலத்துக்குள்தான், பேர் வேண்டாம். அங்கே இருந்த தம்பி ஒரு டம்ளரில் தண்ணீர் நிரப்பி மெத்தையின் ஒரு பக்கம் வைத்தான், மறுபக்கம் ஏறி நின்று குதித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. "சார், 800 ஸ்பிரிங். 10 வருஷம் வாரண்டி." அங்கேயே விழுந்துவிட்டேன். 78-க்கு 60, எட்டு இஞ்சு கனம், 22,000 ரூபாய்.

டம்ளர் வித்தை பொய்யில்லை. போனல் என்கிற இன்னொரு வகை ஸ்பிரிங் மெத்தையில் எல்லா ஸ்பிரிங்கையும் கம்பியால் ஒன்றோடொன்று பின்னியிருப்பார்கள், ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருப்பதையும் இழுக்கும். பாக்கெட் வகையில் ஒவ்வொன்றுக்கும் தனித் துணிப்பை, அதனால் அமுங்குவது தனியாக அமுங்கும். ஆனால் மட்டமான பாக்கெட் ஸ்பிரிங்கிலும் அந்தத் தண்ணீர் சிந்தாது. அந்த வித்தை வகையைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது. இது எனக்கு உறைக்க 14 மாதம் ஆனது.

அதற்குள் நான் படுக்கிற இடம் ஒரு பள்ளம், அவள் படுக்கிற இடம் ஒரு பள்ளம், நடுவில் வயல் வரப்பு மாதிரி மேடு. போன் போட்டதும் கம்பெனி ஆள் வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. மெத்தைக்குக் குறுக்கே நூல் பிடித்து, நடுவில் ஸ்கேலை நிறுத்தினார். 18 மில்லிமீட்டர். "25-க்கு மேல இறங்கினாத்தான் சார் வாரண்டி." மெத்தை மேல் யாரும் படுக்காதபோது எடுத்த அளவு அது! ஆள் படுத்தால் எவ்வளவு இறங்கும் என்பது அவர் பாரத்தில் இல்லை. வாரண்டி அட்டையைப் பிறகுதான் முழுதாகப் படித்தேன். முதல் சில வருடம் தாண்டினால் புது மெத்தையும் கிடையாது, கழிவு போக மீதியை நாம் கட்ட வேண்டும்.

சரி, போகட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் அறுத்தோம். செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறையில் இருக்கும் மச்சான் கம்பி கனம் அளக்கிற வெர்னியர் காலிப்பரோடு வந்தான். மேலே தையல் போட்ட துணி, அதன் கீழே கொஞ்சம் பஞ்சு, அப்புறம் ஒரு இஞ்சு ஃபோம், அதற்கும் கீழே சாக்கு மாதிரி ஒரு விரிப்பு, பிறகு ஸ்பிரிங். நான் ஸ்பிரிங் செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். பள்ளத்திலிருந்து நாலு, ஓரத்திலிருந்து நாலு பிரித்துத் தரையில் வரிசையாக நிறுத்தினான். எட்டும் ஒரே உயரம். ஃபோமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், நாங்கள் படுத்த இடம் மட்டும் அப்பளம். விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது.

ஸ்பிரிங்கையும் எண்ணினோம். அகலத்தில் 22, நீளத்தில் 30. மொத்தம் 660. கடையில் சொன்ன 800 இதைவிட அகலமான கிங் சைஸ் கணக்கு, நான் வாங்கியது குயீன். கம்பி 1.8 மில்லிமீட்டர். "2 மில்லி கம்பியா இருந்தா இதைப் போல ஒன்றரை மடங்கு தாங்கும் மாமா. கம்பி கனம் கொஞ்சம் ஏறினாலும் விறைப்பு அந்தக் கனத்தோட நாலாம் அடுக்குல ஏறும்" என்றான் மச்சான். சுருளின் விட்டமும் சுற்றும் மாறாமல் இருந்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது. கம்பி கனத்தை கேஜ் எண்ணில் சொன்னால் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பழைய இரும்புக்காரர் துணியோடு எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைகள் உட்கார்ந்து 660 பையையும் கிழித்தார்கள். 15 கிலோ தேறியது. ஒரு ஸ்பிரிங்கை மட்டும் சின்னவள் பேனா செருக எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை கடைக்குப் போனபோது ஸ்பிரிங்கைப் பற்றிக் கடைசியில்தான் கேட்டேன். மேலே இருக்கிற ஃபோம் எத்தனை இஞ்சு, எத்தனை டென்சிட்டி? டென்சிட்டி என்பது எடை. ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருந்தால் 40 டென்சிட்டி. அது கூடினால் கல் மாதிரி இருக்கும் என்று ஒரு கடையில் பயமுறுத்தினார்கள். அப்படியில்லை, மெதுமெதுப்பு வேறு, எடை வேறு. ஆனால் துண்டு ஃபோம்களைச் சேர்த்து ஒட்டிய ரீபாண்டடில் 80, 100 என்று எண் வரும், அதைப் பார்த்தும் மயங்கக் கூடாது. நான் 40 டென்சிட்டியில் இரண்டு இஞ்சு ஃபோம் கேட்டு, அதை பில்லில் எழுதித் தரச் சொன்னேன். மூன்று கடையில் இரண்டு எழுதித் தர மறுத்தன. தேடும் வேலை அதோடு முடிந்தது.

ஏற்காடு அக்கா

தம்பி எழுதியதைச் சிரித்துக்கொண்டே படித்தேன். எங்களுக்கு வந்த சங்கடம் மேலே இல்லை, கீழே.

நாலு ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து உட்காரும். கட்டிலுக்கு முழு பிளைவுட் போட்டிருந்தோம். ஒரு நாள் பெருக்குவதற்காக மெத்தையை நிமிர்த்தினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, ஈர வாடை. ஸ்பிரிங் மெத்தைக்குள் காற்று ஓடும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அடியில் காற்று போக வழியே இல்லையென்றால் அது எங்கிருந்து ஓடும்?

பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் மரத்தில் இடைவெளி விட்டுக் குறுக்குப் பலகைப் பட்டை அடித்தோம். ஆசாரி ஐந்து இஞ்சு இடைவெளி விட்டுவிட்டார். சின்னச் சின்ன ஸ்பிரிங்காச்சே, சந்துக்குள் இறங்கி முதுகில் வரி வரியாக உறுத்துகிறது என்று ஒரு விருந்தாளி சொன்னார். நடுவில் இன்னொரு பட்டை வைத்த பிறகுதான் சரியானது. உள்ளங்கை நுழைகிற இடைவெளி இருந்தால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ரூமில் போனல், இரண்டில் பாக்கெட். மனதில் பட்டதைச் சொல்கிறேன், ஒற்றை ஆள் படுக்கிற கட்டிலுக்கு போனலே போதும், விலையும் குறைவு. இரண்டு பேர் படுக்கும்போதுதான் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு தெரிகிறது.

இன்னொன்று, சேலத்திலிருந்து மேலே ஏற்றுவது. 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு மெத்தையைப் பிக்கப் வண்டியில் கயிறு போட்டு வளைத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள், வரும்போதே ஓரக் கம்பி மடங்கியிருந்தது. சுருட்டி வருகிற வகை வேறு, அதை அதற்கென்றே செய்கிறார்கள். தட்டையாக வருவது தட்டையாகத்தான் வர வேண்டும்.

அம்மாப்பேட்டை

எங்கள் வீட்டுக்காரர் காலை நாலரைக்குத் தறிக்கு எழுந்து போவார். அவர் எழுந்தால் நானும் விழித்துக்கொள்வேன், இருபது வருடமாக. பாக்கெட் ஸ்பிரிங் வந்த பிறகு அவர் போனதே தெரிவதில்லை. காபி யார் போடுவது என்று இப்போது அவருக்குத்தான் வருத்தம்.

சித்திரை வெயிலில் மட்டும் தரையில் பாய்தான். எந்த மெத்தையும் அதற்கு ஈடில்லை.

சூரமங்கலம், பழைய விற்பனையாள்

மெத்தைக் கடையில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். அஸ்தம்பட்டி அண்ணன் சொன்ன டம்ளரை நானும் வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை.

நான் பார்த்தவரை, ஒரே மெத்தை ஆன்லைனில் ஒரு பேர், கடையில் ஒரு பேர், மேல்துணி மட்டும் வேறு. பேரை வைத்து விலை ஒப்பிடவே முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அடுக்கடுக்காகக் கேட்டால்தான் உண்டு. விளிம்பில் உட்காருங்கள், குப்புறச் சரிந்தால் ஓரத்தில் போட்ட ஃபோம் மட்டம். 40 சதவீதத் தள்ளுபடியை நம்பாதீர்கள், எம்.ஆர்.பி. அதற்காகவே ஏற்றி அடித்தது. கேட்கிற விலை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா தனியா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், படுத்துப் பாருங்கள். எட்டு வருடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் படுத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் கையால் அமுக்கிவிட்டு "நல்லா இருக்கு" என்பார்கள். நாம் என்ன கையை மட்டுமா தூங்க வைக்கிறோம்? கூச்சப்படாமல், எப்போதும் எந்தப் பக்கம் ஒருக்களிப்பீர்களோ அப்படிப் படுங்கள். தோள் அமுங்க வேண்டும், இடுப்பு தொங்கக் கூடாது. வாரநாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் கூட்டமும் இருக்காது.

ஏற்காடு அக்கா

அஸ்தம்பட்டித் தம்பி, புது மெத்தைக்கு எத்தனை நாள் ஆச்சு? இப்போது எப்படி இருக்கிறது, அதைச் சொல்லவே இல்லையே.

அஸ்தம்பட்டிக்காரன்

இரண்டு வருடம் ஆகப்போகிறது அக்கா. 31,000 ஆனது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுகிறோம், மேலே மட்டும் ஃபோம் உள்ளதைக் கவிழ்த்துப் போட முடியாது. நூலும் ஸ்கேலும் இப்போது என்னிடமே இருக்கின்றன. பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைத்தபோது பிடித்துப் பார்த்தேன். அவள் பக்கம் 4 மில்லிமீட்டர், என் பக்கம் 6. மெத்தையைக் குறை சொல்லாதே, தொப்பையைப் பார் என்கிறாள்.