புதுப்பிப்பு: குன்னூரில் சேர்த்த பட்ஜெட் கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு 55,000 ரூபாய்க்குள் ஒரு டெஸ்க்டாப் சேர்க்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தாயிற்று. 58,400 ஆனது, மேற்கொண்டு போனது என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம்.

ப்ராசசராக ரைசன் 7 5700எக்ஸ் வாங்கினேன். 8 கோர், 65 வாட், அது உட்காருவது ஏஎம்4 வகை மதர்போர்டில் என்பதால் முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் போதும். கிராபிக்ஸ் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். இந்தச் சிப்பில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்பது, கோவையிலிருந்து பஸ்ஸில் எல்லாவற்றையும் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ராத்திரி ஸ்விட்சைப் போட்ட பிறகுதான் உறைத்தது. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. மறுபடியும் மலை இறங்கி ஒரு பழைய கார்டு வாங்கிவந்தேன்.

ரேமிலும் ஒரு கூத்து. இரண்டு 16 ஜிபியையும் பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டேன். ஒற்றைச் சேனலில், அதாவது இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாதையில், மெதுவாக ஓடியது. 2, 4 ஆம் இடங்களுக்கு மாற்றியதும் சரி.

தீராதது கரண்ட். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் பழைய யூபிஎஸ் கத்துகிறது, கம்ப்யூட்டரும் கூடவே அணைகிறது. பேட்டரியில் ஓடும்போது அந்த யூபிஎஸ் தருவது, வீட்டுக் கரண்டைப் போல வழவழப்பாக ஏறி இறங்காத, படிப்படியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள புது பவர் சப்ளைகள் சில அதை ஏற்பதில்லை. வழவழப்பான அலை தரும் சைன் வேவ் யூபிஎஸ்தான் வழி என்கிறார்கள். கம்ப்யூட்டர் சூடாகாதா என்று கேட்ட தம்பிக்கு: இந்த மலைக்குளிரில் ஸ்வெட்டர் எனக்குத்தான் வேண்டும், கம்ப்யூட்டருக்கு விசிறியே அதிகம்.

யூபிஎஸ் வாங்கும்வரை, காற்று பலமாக அடித்தால் நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.