மீல் கிட்டில் வரும் கோழி வியாழக்கிழமையே கெட்டுப் போகிறது, ஏன்?

மழைக்குருவி (ஸ்காபரோ):
எல்லோருக்கும் வணக்கம். மே மாதத்திலிருந்து மீல் கிட் (சமைக்க வேண்டிய சாமானை அளந்து, செய்முறை அட்டையோடு பெட்டியில் வீட்டுக்கு அனுப்புவார்கள்) எடுக்கிறோம், கிழமைக்கு மூன்று சாப்பாடு. திங்கள் மத்தியானம் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் வேலையால் வர ஆறு மணியாகும். முதலில் ஒரு குறையும் இருக்கவில்லை. வெயில் தொடங்கிய பிறகு, வியாழக்கிழமை சமைக்க எடுக்கும் கோழி வழுவழுவென்று, புளித்த மணத்தோடு இருக்கிறது. போன கிழமை பக்கற் பலூன் மாதிரி ஊதியே இருந்தது, அதில் போட்ட திகதி சனிக்கிழமை! கொத்தமல்லியும் கறுத்துக் கூழாகிவிடுகிறது. நிறுவனத்துக்கு எழுதினால் காசைத் திருப்பித் தருகிறார்களே தவிர, காரணம் சொல்வதில்லை. பெட்டி வெயிலில் நிற்பதுதான் காரணமா? நிறுத்திவிட மனமில்லை. களைத்து வந்து நிற்கும்போது இன்றைக்கு என்ன கறி என்று யோசிக்கத் தேவையில்லாதது எனக்குப் பெரிய நிம்மதி.

கறிவேப்பிலை (மிசிசாகா):
ஊதிய பாக்கெட்டைத் திறக்கவே திறக்காதீர்கள், அப்படியே குப்பைக்குப் போகட்டும். உள்ளே கிருமி பெருகி வாயு உண்டாக்கினால்தான் பெரும்பாலும் அப்படி ஊதும். கோளாறு பெட்டியிலா பிரிட்ஜிலா என்று ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்த்துவிடலாம். சமையல் தெர்மாமீட்டர் இருக்கிறதா? பெட்டியைத் திறந்த உடனே இரண்டு இறைச்சிப் பாக்கெட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் அதைச் செருகுங்கள் (பாக்கெட்டைக் குத்த வேண்டாம்). 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் குறைவோ காட்டினால் பெட்டி மேல் பழி இல்லை. ஐஸ் பை பாதி உருகியிருந்தாலும் பரவாயில்லை. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி மளமளவென்று பெருகும்.

அப்புறம் பிரிட்ஜ். நடுத் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள். மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் அதில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். பிரிட்ஜில் எதை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
நன்றி. இந்தத் திங்கள் அளந்தேன். இறைச்சிக்கிடையில் 3 டிகிரி! ஆனால் காலையில் தண்ணீர் 9 டிகிரி காட்டியது. பிரிட்ஜ் குளிரத்தானே செய்கிறது, பால்கூடக் கெடவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனித்தனிக் கடதாசிப் பையில் சாமான் வரும். மூன்றையும் அப்படியே மேல் தட்டில் பின்சுவரோடு அடுக்கிவிடுவேன்.

கறிவேப்பிலை:
அப்படியென்றால் பிடி கிடைத்துவிட்டது. பல பிரிட்ஜ்களில் ப்ரீசரிலிருந்து குளிர்காற்று இறங்கும் துளை மேல் தட்டின் பின்சுவரில்தான் இருக்கும். பைகள் அதை அடைத்துக்கொண்டால் துளைக்குப் பக்கத்தில் இருப்பது உறைந்துபோகும், பைகளின் முன்பக்கத்துக்கும் கீழ்த்தட்டுகளுக்கும் குளிர் வந்து சேராது. கொத்தமல்லி கறுத்ததும் அதனால்தான் இருக்க வேண்டும், உறைந்த தழை இளகினால் அப்படித்தான் கூழாகும். வெளியே வெயில் ஏறியது இன்னொரு சுமை. பைகளைப் பிரித்துவிடுங்கள். இறைச்சியை ஒரு தட்டத்தில் வைத்து ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள், ஒழுகினாலும் காய்கறி மேல் படாது. துளைக்கு முன்னால் ஒரு கை அகலம் காலியாக இருக்கட்டும். குளிரைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, ஒரு நாள் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள்.

யாழ்க்குசினி (மார்க்கம்):
பிள்ளை, பிரிட்ஜ் சரியானாலும் ஒன்றைக் கவனியும். வெட்டிய பச்சைக்கோழி 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள்தான் என்பது கனடா சுகாதாரத் துறையின் கணக்கு. அரைத்த இறைச்சிக்கு ஒன்று இரண்டு நாள்தான். திங்கள் வந்த கோழியை வியாழன் வரை வைத்திருப்பது கரையில் நிற்கிற கதை. செய்முறை அட்டையில் என்ன வரிசை போட்டிருந்தாலும் அரைத்த இறைச்சியை முதல் நாளே சமையும். அடுத்தது கோழி, கடைசியில் மரக்கறிச் சாப்பாடு. வியாழனுக்கென்றே கோழியை வைக்க வேண்டுமென்றால் திங்கள் இரவே ப்ரீசரில் போட்டு, புதன் இரவு பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடும்.

மீன் வந்தால் இன்னும் கவனம். காற்றில்லாமல் இறுக்கிக் கட்டிய மீனை உறையவைத்தால், இளக வைக்கும் முன் பக்கற்றைத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமியில் ஒரு வகை பிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. அதன் நஞ்சு மணத்தில் தெரியாது.

மழைக்குருவி:
அக்கா, கோழிக்கு மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்தால் இன்னும் இரண்டு நாள் தாங்காதா? அம்மா ஊரில் அப்படித்தான் செய்வார்.

யாழ்க்குசினி:
அம்மா அன்றன்றைக்கு வாங்கி, சமைக்கும்வரை சில மணித்தியாலம் வைத்திருப்பார். அதற்கு அது சரி. கறிக்குப் போடுகிற அளவு உப்பு நாள்கணக்கில் காக்காது, காக்க வேண்டுமென்றால் கருவாட்டுக்குப் போல அள்ளிப் போட வேண்டும். மஞ்சள், கறித்தூள் பிரட்டி அப்படியே ப்ரீசரில் வைத்தால் இளகும்போது சுவை நன்றாக ஊறியிருக்கும். கிட்டில் வரும் மசாலா எங்கள் நாக்குக்குக் காணாது, அதற்கும் இது நல்ல வழி. சமைக்கும்போது துண்டின் நடுவில் 74 டிகிரி வருகிறதா என்று பாரும்.

மழைக்குருவி:
பைகளைப் பிரித்து வைத்தேன், இன்று காலை தண்ணீர் 3 டிகிரி! இருவருக்கும் மிக்க நன்றி. ஜெல் ஐஸ் பைகள் குவிந்து கிடக்கின்றன, வெட்டி சிங்கில் ஊற்றலாமா?

கறிவேப்பிலை:
வேண்டாம், அந்த ஜெல் குழாயை அடைத்துவிடும். இரண்டு மூன்றை ப்ரீசரில் உறையவையுங்கள். திங்கள் காலை வேலைக்குப் போகும்முன் அவற்றை ஒரு கூலர் பெட்டியில் போட்டு வாசலில் நிழலான பக்கமாக வைத்து, 'சாப்பாட்டுப் பெட்டியை இதற்குள் வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். வாங்குவதற்கு முன் மீல் கிட் பெட்டியின் அளவை எடுத்துக்கொண்டு போங்கள், சின்னக் கூலருக்குள் அது நுழையாது.