ஆளே தெரியாத கேஸ்ல ப்ரொஃபைலிங் வச்சு நிஜமாவே பிடிக்க முடியுமா?

பாலக்கோடு_தம்பி:
எல்லாருக்கும் வணக்கங்க. நான் பாலக்கோடு பக்கம், எஸ்.ஐ. எக்ஸாமுக்கு படிச்சிட்டு இருக்கேன். எங்க சுத்துவட்டாரத்துல கொஞ்ச நாளா பூட்டுன வீடா பாத்து பட்டப்பகல்ல உடைக்கிறாங்க, எங்க பெரியப்பா வீட்லயும் நடந்துருச்சு. ரேகை எடுத்தாங்க, சரி. அப்புறம் கிரைம் டீம்ல வந்த ஒரு சார் கேட்டதுதான் எனக்கு புதுசா இருந்துச்சு, பீரோ ட்ராயரை மேல இருந்து திறந்தானா கீழ இருந்து திறந்தானா, சாமி ரூம்ல கை வச்சானா, ஃப்ரிட்ஜ்ல எதாவது எடுத்து தின்னானா, நாய் குரைச்சுச்சான்னு வரிசையா கேட்டாரு. இதுக்குப் பேருதான் ப்ரொஃபைலிங்கா, அதாவது குற்றம் நடந்த விதத்தை வச்சு செஞ்சவன் எப்படிப்பட்ட ஆளுன்னு கணிக்கிறதா? யூடியூப்ல எல்லாம் எஃப்.பி.ஐ.காரங்க வயசு, வேலை, யார்கூட இருப்பான் வரைக்கும் சொல்லிடுவாங்கன்னு போடுறாங்க. அது எந்த அளவுக்கு உண்மை, நம்ம ஊருக்கு உதவுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_ரிட்டயர்டு_எஸ்எஸ்ஐ:
தம்பி, அவரு கேட்டது எல்லாமே சரியான கேள்வி. நாங்க அதை எம்.ஓ.ன்னு (ஒருத்தன் குற்றம் செய்யிற பாணி) சொல்லுவோம். பழகுனவன் கீழ் ட்ராயர்ல இருந்துதான் திறப்பான், ஏன்னா மேல இருந்து ஆரம்பிச்சா ஒவ்வொண்ணையும் மூடுனாதான் அடுத்ததுக்குள்ள பாக்க முடியும், அவனுக்கு அந்த நேரம் கிடையாது. மேல இருந்து திறந்து எல்லாத்தையும் கொட்டி வச்சிருந்தா புது ஆளு, இல்ல அவசரத்துல இருக்கிறவன். சாப்பிட்டுட்டு போயிருந்தா வீட்டுக்காரங்க எப்ப திரும்புவாங்கன்னு அவனுக்கு தெரிஞ்சிருக்கு. நாய் குரைக்கலைன்னா அடிக்கடி வந்து போற ஆளான்னு ஒரு யோசனை ஓடும். இவனுக்கு மண்டைக்குள்ள என்னன்னு பாக்குறது அப்புறம், கை எதுல பழகியிருக்குன்னு பாக்குறதுதான் மொதல்ல. அதை வச்சு, இதே மாதிரி பழைய கேஸ் யார் யாருக்கு இருக்கு, அவங்கள்ல யாரு இப்ப ஜெயிலுக்கு வெளிய இருக்காங்கன்னு பாத்தா பெரிய லிஸ்ட் சின்னதாயிடும். அதுக்கு மேல சிசிடிவி, டவர் டம்ப் (அந்த நேரத்துல அந்த ஏரியா செல்போன் டவர்ல இருந்த நம்பருங்க), ரேகை எல்லாம் சேந்துதான் ஆள் மாட்டுவான்.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் பெரிய தலைவலி என்னன்னா நாப்பத்தி நாலாம் நம்பர் நேஷனல் ஹைவே. அந்தப்பக்கம் கர்நாடகா, குப்பம் வழியா போனா ஆந்திரா. சைக்கோ சங்கர் கேஸ் ஞாபகம் இருக்கும், பாலியல் வன்கொடுமை, கொலைன்னு தொடர் கேஸ்ல சிக்குனவன், லாரி டிரைவர், ஹைவே ஓரம்தான் அவனோட இடம், ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒரு கேஸா தனித்தனியா கிடந்துச்சு. 2009-ல பிடிச்சு, 2011 மார்ச்ல தருமபுரி கோர்ட்டுக்கு கூட்டிட்டு வந்து திரும்பப் போறப்ப சேலத்துல தப்பிச்சான், மே மாசம்தான் கர்நாடகாவுல மாட்டுனான். இந்த மாதிரி கேஸ்ல எல்லாம் ஒரே கைதான் செய்யுதுன்னு சேத்துப் பாக்குறதுதான் பாதி வேலை.

ஓசூர்_சைக்காலஜி:
சார் சொன்னதோட தொடர்ச்சியா சொல்றேன், நான் எம்.எஸ்சி. சைக்காலஜி. யூடியூப்ல எல்லாரும் சொல்ற கதை நியூயார்க்ல குண்டு வச்ச ஜார்ஜ் மெட்டஸ்கி கதைதான். 1940-ல இருந்து 1956 வரைக்கும், நடுவுல போர் நேரத்துல நிறுத்திட்டு, குண்டு வச்சிட்டு இருந்தான். கடைசியில ஜேம்ஸ் பிரசல்ங்கிற மனநல டாக்டர்கிட்ட போலீஸ் போனாங்க, அவரு நடுத்தர வயசு, ஒரு கம்பெனி மேல தீராத கோபம், பிடிக்கும்போது டபுள் பிரெஸ்டட் கோட்டு போட்டு பட்டன் பூட்டியிருப்பான்னு சொன்னாரு, 1957 ஜனவரியில அவன் அப்படியே கோட்டு மாட்டிட்டு வந்து நின்னான். எல்லாரும் இந்த கோட்டோட நிறுத்திடுறாங்க. ஆனா அவனைக் கண்டுபிடிச்சது அவன் கோபப்பட்ட அதே கான் எடிசன் கரண்ட் கம்பெனியில வேலை பாத்த ஒரு கிளார்க் அம்மா, பழைய நஷ்டஈடு ஃபைலை எல்லாம் புரட்டி, மிரட்டல் கடிதத்துல இருந்த வார்த்தை இந்த ஃபைல்லயும் இருக்கேன்னு கவனிச்சாங்க. 1931-ல கம்பெனியில அடிபட்ட ஆள் அவன். பிரசல் செஞ்ச நல்ல விஷயம், அவரோட கணிப்பை பேப்பர்ல போட சொன்னது, அதுக்கப்புறம்தான் அவன் வெளிப்படையா பதில் எழுத ஆரம்பிச்சான்.

எனக்கு இதை விட இங்கிலாந்து சைக்காலஜிஸ்ட் டேவிட் கேன்டர் வேலைதான் பிடிக்கும். 1986-ல லண்டன் சுத்தி ரயில்வே ஸ்டேஷன் பக்கமா நடந்த பாலியல் குற்றம், கொலை எல்லாத்தையும் மேப்ல குறிச்சு, ஆரம்பத்துல நடந்த இடங்களை வச்சு ஆள் எந்த ஏரியாவுல இருப்பான், ரயில்வே பத்தி தெரிஞ்சவன், கல்யாண வாழ்க்கையில பிரச்சனை இருக்கும்னு எழுதிக் குடுத்தாரு. போலீஸ்கிட்ட ஏற்கனவே கிட்டத்தட்ட 2,000 பேர் லிஸ்ட் இருந்துச்சு, ஜான் டஃபி அதுல ரொம்ப கீழ இருந்தான், இந்த கணிப்புக்கு அப்புறம்தான் மேல வந்தான், கண்காணிச்சு பிடிச்சாங்க. பேரே இல்லாத இடத்துல பேரு வரல பாருங்க, இருந்த பேருங்கள்ல எதை முதல்ல பாக்கணும்னு வந்துச்சு. கனடா போலீஸ்ல இருந்த கிம் ராஸ்மோ இதையே கணக்கா மாத்துனாரு. குற்றவாளி தன் வீட்டுக்கு ரொம்ப பக்கத்துல செய்ய மாட்டான், தெரிஞ்சிடும்னு பயம். ரொம்ப தூரமும் போக மாட்டான், வழி பழக்கமில்ல. ஆனா வேணும்னே வெளியூர் போயி செய்யிற ஆளுக்கு இந்த கணக்கு ஒத்து வராது, சார் சொன்ன ஹைவே மாதிரி கேஸ்ல ரொம்ப ஜாக்கிரதையா பயன்படுத்தணும்.

கிருஷ்ணகிரி_வக்கீல்:
நல்ல பக்கத்தை சொல்லிட்டீங்க, இன்னொரு பக்கத்தையும் தம்பி படிச்சுக்கணும். 1992-ல லண்டன் விம்பிள்டன் காமன்ல ஒரு அம்மா கொலை. ப்ரொஃபைலுக்கு பொருந்துதுன்னு ஒருத்தரை குறி வச்சு, ஒரு பெண் போலீசை காதலி மாதிரி பழக விட்டு பேச வச்சாங்க. 1994-ல ஜட்ஜ் அந்த ஆதாரத்தையே ஏத்துக்கல, கேஸ் விழுந்துச்சு. நிஜமா செஞ்சவன் வேற, டி.என்.ஏ. வச்சு 2008-ல தண்டனை ஆச்சு. இடையில அந்த மனுஷனோட வாழ்க்கை என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. 2002-ல வாஷிங்டன்ல துப்பாக்கி சூடு நடந்தப்ப டிவியில வந்தவங்க பலரும் தனி ஆளு, வெள்ளைக்காரன்னாங்க, எல்லாரும் வெள்ளை வேனைத் தேடுனாங்க. மாட்டுனது ரெண்டு கறுப்பின ஆளுங்க, நீலக் கார். இடையில அந்தக் கார்ல தூங்கிட்டு இருந்தவனை போலீசே எழுப்பி கேட்டுட்டு அனுப்பிட்டாங்க. பொத்தாம்பொதுவா எழுதுன ப்ரொஃபைல் ஜோசியம் மாதிரி, யாருக்கு படிச்சாலும் பொருந்தும்.

கோர்ட்ல என்ன நிலைமைன்னா, ரேகைக்கும் கையெழுத்துக்கும் எக்ஸ்பர்ட் கருத்து புது சாட்சிய சட்டத்துல (பாரதிய சாட்சிய சட்டம், 2023) 39-வது பிரிவுல வரும், ஆனா "இப்படிப்பட்டவன்தான் செஞ்சிருப்பான்"ங்கிறது "இவன்தான் செஞ்சான்"னு ஆகாது. பழைய கெட்ட நடத்தையை வச்சு குற்றத்தை நிரூபிக்க முடியாதுன்னு அதே சட்டத்தோட 49-வது பிரிவு சொல்லுது. நிறைய பேரு ப்ரொஃபைலிங்கையும் நார்கோ டெஸ்ட்டையும் (மருந்து குடுத்து அரை மயக்கத்துல பேச வைக்கிறது) குழப்பிக்கிறாங்க, அது வேற, 2010-ல செல்வி கேஸ்ல சம்மதம் இல்லாம செய்யக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

முக்கியமா ஒண்ணு. ஜாதியை, சமூகத்தை வச்சு சந்தேகப்படுறது ப்ரொஃபைலிங்கே கிடையாது. வெள்ளைக்காரன் 1871-ல குற்றப் பரம்பரை சட்டம்னு போட்டு முழு சமூகத்தையும் பொறந்த உடனே திருடன்னு முத்திரை குத்துனான், 1952-ல அது ஒழிஞ்சுது. ஆனா திருட்டு நடந்தா முதல்ல எந்த தெருவுக்கு ஜீப் போகுதுன்னு நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. தம்பி, நீங்க எஸ்.ஐ. ஆனா நடந்த விதத்துல இருந்து ஆளுக்கு போங்க, ஆளை முடிவு பண்ணிட்டு நடந்த விதத்துக்கு வராதீங்க.

பாலக்கோடு_தம்பி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். எஸ்.எஸ்.ஐ. சார் சொன்னதும் உடைபட்ட மத்த வீடுங்கள்லயும் போயி விசாரிச்சேன், பெரும்பாலும் சந்தை நாள்லதான் நடந்திருக்கு, வீட்ல யாரும் இல்லாத நேரம். சில வீட்ல கம்ப்ளெயின்ட்டே குடுக்கல. அக்கம்பக்கத்துல ரெண்டு மூணு பேரு ஒரு பையன் பேரை சொல்றாங்க, அதையும் சொல்லலாமா?

காவேரிப்பட்டணம்_ரிட்டயர்டு_எஸ்எஸ்ஐ:
அந்தப் பையனை யாராவது கண்ணால பாத்தாங்களான்னு கேளு. பாக்கலைன்னா பேரை எழுதாத. தேதி, கிழமை, நேரம், எந்த வழியா உள்ள வந்தான், எதை எடுத்தான், எதை விட்டுட்டு போனான், இதை மட்டும் வீடு வாரியா ஒரு பேப்பர்ல எழுதி, ஊர் மேப்புல புள்ளி வச்சு ஸ்டேஷன்ல குடு. கம்ப்ளெயின்ட் குடுக்காதவங்களையும் கூட்டிட்டு போ, அவங்க வீடு அந்த மேப்ல இல்லைன்னா கணக்கு தப்பாயிடும். அடுத்த சந்தை நாளுக்கு முன்னாடியே போயிரு தம்பி.