புறா எச்சத்தால் வந்த நுரையீரல் ஒவ்வாமை: வலை போட்டால் போதுமா?

கேள்வி (நாலாவது_மாடி):
அம்மாவுக்கு 62 வயது. ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு, புறாவால் வந்த ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி) என்கிறார் டாக்டர். ஸ்டீராய்டு ஆரம்பித்தாயிற்று. ஏசி அவுட்டோர் யூனிட் பின்னால்தான் கூடு. பால்கனிக்கு வலை அடித்தால் போதுமா?

வலைக்காரன்:
முதலில் எச்சத்தை எடுங்க, வலை அப்புறம். சுத்தம் செய்யும் நாளில் அம்மா அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது, தூள் பறக்கும். பால்கனிக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டுச் சுரண்டுங்க. சுரண்டுகிறவருக்கு என்95 மாஸ்க், கையுறை. ப்ளீச் கிருமியைத்தான் கொல்லும். ஆனால் இங்கே வில்லன் கிருமி இல்லை, எச்சத்தில் இருக்கும் பறவையின் புரதம். ஏசி மெக்கானிக் புளோயரை எடுத்தால் தடுத்துவிடுங்க, வாட்டர் வாஷ் மட்டும்.

வலைக்கண் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஏசி பைப் போகும் ஓட்டை, பாத்ரூம் வென்டிலேட்டர் இரண்டையும் விட்டுவிடுவார்கள், கேட்டு அடைக்கச் சொல்லுங்க. புறா உட்காராமல் இருக்க ஒட்டும் ஆணிப்பட்டை வீண்: அந்த ஆணிகளுக்கு நடுவிலேயே குச்சி செருகிக் கூடு கட்டும்.

சுவாசம்_62:
புறா போன பிறகும் அந்தப் புரதம் வீட்டுத் தூசியில் மாதக்கணக்கில் கிடக்கும். திரைச்சீலை, மெத்தை, கம்பளம் எல்லாம் பாருங்க. இறகுத் தலையணை இருந்தால் இன்றே வெளியே.

புறாவோடு நிறுத்திடவும் வேண்டாம். 2017-இல் வெளியான இந்திய ஐ.எல்.டி. (நுரையீரல் திசு அழற்சி, தழும்பு நோய்கள்) பதிவேட்டில் 1,084 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதே நோய். அவர்களிலும் பாதிக்கு அருகில் ஏர்கூலர் பயன்படுத்தியவர்கள். கூலரின் ஈரப் பேடில் பூஞ்சை வளரும். பீரோவுக்குப் பின்னால் ஓதம் அடித்த சுவரையும் தட்டிப் பாருங்க.

நாலாவது_மாடி:
நன்றி. மேல் மாடியில் தினமும் புறாவுக்குத் தானியம் போடுகிறார்கள். அம்மாவை 2 வாரம் தங்கை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

சுவாசம்_62:
வைக்கலாம். இருமல் குறைந்தால் நல்ல துப்பு. குறையாவிட்டால் 'புறா காரணமில்லை' என்று முடிவு கட்டாதீங்க. தழும்பு விழுந்த நுரையீரல் 2 வாரத்தில் தேறாது. எஃப்.வி.சி. (ஒரே மூச்சில் வெளியே ஊதும் காற்றின் அளவு), டி.எல்.சி.ஓ. (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு போகும் திறன்) சோதனை இரண்டையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்ப எடுங்க. மருந்து சாப்பிட்டும் அவை இறங்கினால், வீட்டில் இன்னும் எங்கோ புறா எச்சமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று திரும்பத் தேடணும். தானியம் போடுவதை அசோசியேஷனில் எழுத்தில் கொடுங்க, ஸ்கேன் ரிப்போர்ட் நகலோடு. வாய்ப்பேச்சுக்கு அசையமாட்டார்கள்.