ஆக்டிவ் ஸ்பீக்கரா, பாஸிவா? கொஞ்சம் வழிகாட்டுங்க

வணக்கம். 15 வருஷமா ஓடின ஆம்ப்ளிஃபையர்ல இடது பக்கம் கரகரன்னு இழுத்துக்கிட்டே இருந்து, போன வாரம் நின்னே போச்சு. வால்யூம் குமிழைத் தட்டினா ஒரு நொடி பாடுது, திரும்ப அடங்கிடுது. அப்பாவுக்கு ராத்திரி கச்சேரி கேக்காம தூக்கம் வராது. அதான் அவசரம்.

ரூம் 12க்கு 11 அடி. சுவர்ல இருந்து ஒரு அடிக்கு மேல தள்ளி வைக்க இடமில்லை.

யமஹா எச்எஸ்5 ஆக்டிவ் ஸ்டுடியோ மானிட்டர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கற, ஸ்டுடியோவுல கிட்ட வச்சுக் கேக்கற ஸ்பீக்கர். அதுல கனத்த பாஸ் ஒலி தர்ற வூஃபருக்கு 45 வாட், கீச்சு ஒலி தர்ற ட்வீட்டருக்கு 25 வாட்னு தனித்தனி ஆம்ப். ஒலியை ரெண்டுக்கும் பங்கு போடற கிராஸ்ஓவர், ஆம்ப்புக்கு முன்னாடியே சிக்னலைப் பிரிச்சுடுது. சுவரோரம் பாஸ் வீங்கினா குறைக்க பின்னாடி ரூம் கண்ட்ரோல் சுவிட்சும் இருக்கு. மனசு அங்கதான் போகுது. ஆனா உள்ள இருக்கற போர்டு போச்சுன்னா ஸ்பீக்கரே முடங்கிடுமே! பாஸிவ்னா ஆம்ப் வெளியில தனியா இருக்கும், அதை மட்டும் மாத்திக்கலாம். அதுல வார்ஃப்டேல் டயமண்ட் 12.1 பார்த்து வச்சிருக்கேன், 8 ஓம் (ஆம்ப்புக்குக் காட்டற மின்தடை), 88 டிபி (ஒரு வாட்டுக்கு வர்ற சத்தம்).

ஸ்டுடியோ மானிட்டரை வீட்ல எட்டு அடி தள்ளி உட்கார்ந்து கேக்கறவங்க இருக்கீங்களா? மிருதங்கத்துல கனமா ஒலிக்கற தொப்பிப் பக்கம் நிறைவா வருதா? ராத்திரி சத்தம் குறைச்சு வைக்கும்போது ட்வீட்டர்ல 'உஸ்'ஸுன்னு கேக்குதா? ரிப்பேர் அனுபவம் இருந்தா அதையும் எழுதுங்க.