ஜீவனாம்சம் எவ்ளோன்னு கோர்ட்ல எப்படி முடிவாகுது? பெங்களூர்ல கேஸ் நடத்தினவங்க சொல்லுங்க

அல்சூர் தங்கச்சி:
எங்க அக்காவோட கேஸைச் சொல்றேன். அக்கா எம்.காம், கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகல, ரெண்டு புள்ளைங்க. மாமாவுக்கு ஒயிட்ஃபீல்டுல ஐடி வேலை. டைவர்ஸ் போட்டது அவர்தான். சொந்தக்காரங்கள்ல ஒருத்தர் சம்பளத்துல பாதி வரும்ங்குறாரு, இன்னொருத்தர் படிச்சவளுக்கு பைசா தரமாட்டாங்கங்குறாரு, ரெண்டுமே தப்புங்க. ஃபார்முலான்னு ஒன்னு சட்டத்துல கிடையவே கிடையாது. 2017ல ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் நெட் சம்பளத்துல 25 சதவீதம் நியாயம்னு சொன்னதை ஒரு அளவா வெச்சுக்குறாங்க, அவ்ளோதான்.

எல்லாம் நிக்குறது அஃபிடவிட்லதான். 2020ல சுப்ரீம் கோர்ட் குடுத்த ரஜ்னேஷ் நேஹா தீர்ப்புக்கப்புறம் ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன், மாசச் செலவு எல்லாத்தையும் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். மாமா குடுத்த சம்பள ஸ்லிப்ல கைக்கு வர்றது ரொம்ப கம்மியா இருந்துச்சு. எங்க லாயரம்மா, அக்காவும் மாமாவும் பிரியுறதுக்கு முன்னாடி வந்த ஸ்லிப்பையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பேனாவால ஒரே ஒரு வரியை வட்டம் போட்டாங்க, வாலண்டரி பிஎஃப். முன்னாடி அந்த இடத்துல சைபர், இப்போ பெரிய தொகை, அதுக்குக் கீழ புது கார் லோன் வேற. தானா இஷ்டப்பட்டு பிடிச்சுக்குற காசு சேமிப்புதானே, அது எப்படி வருமானத்தைக் குறைக்கும்? ஜட்ஜ் அதைக் கழிக்கவே விடல. படிப்பு விஷயத்துல ஷைலஜா கேஸ் உதவிச்சு, சம்பாதிக்க முடியும்ங்குறது வேற, சம்பாதிச்சிட்டு இருக்குறது வேறன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. மனு போட்ட தேதியிலேர்ந்து கணக்கு போட்டு பாக்கியோட ஆர்டர் வந்துச்சு. அக்கா அன்னைக்கு அழுத அழுகை இருக்கே, அந்த ஸ்லிப்பைத் தேடி எடுத்து வெச்சதுக்கு இப்பவும் சந்தோஷப்படுறேன்.

கம்மனஹள்ளி அண்ணன்:
தங்கச்சி சொல்றது சரிதான்மா, ஆம்பளை பக்கத்தையும் சொல்லிடுறேன். எங்க வீட்ல எனக்கும் மனைவிக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம், அதனால அவங்களுக்குன்னு தனியா எதுவும் போடல, பையன் ஸ்கூல் ஃபீஸை மட்டும் ரெண்டு பேர் வருமானத்துக்கும் ஏத்த மாதிரி பிரிச்சாங்க, அது நியாயம்தான், என் புள்ளை. மனைவி சம்பாதிச்சாலே ஜீவனாம்சம் கிடையாதுன்னும் இல்ல, ரெண்டு பேர் வாழ்க்கைத்தரத்துக்கும் எவ்ளோ இடைவெளின்னு பாக்குறாங்க. இந்து திருமணச் சட்டத்துல கணவனும் கேக்கலாம், நிறைய பேருக்கு இது தெரியாது. அப்புறம் ஒரு பக்கம் ஜீவனாம்சத்துக்கான பழைய சிஆர்பிசி 125வது பிரிவு, இப்போ புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 144, இன்னொரு பக்கம் டிவி ஆக்ட்ங்குற குடும்ப வன்முறைச் சட்டம், அதோட டைவர்ஸ் கேஸ்ன்னு தனித்தனியா மனு ஓடும்போது ரெட்டிப்பா கட்டணுமோன்னு பயப்படாதீங்க, ஒன்னுல குடுக்குறதை இன்னொன்னுல கழிச்சுப்பாங்க. முன்னாடி வந்த ஆர்டரைக் கண்டிப்பா சொல்லியாகணும், மறைக்கக் கூடாது.

சிவாஜிநகர் அக்கா:
நாங்க ரெண்டு பேரும் சம்மதிச்சு மியூச்சுவல் டைவர்ஸ்ல போனதால மொத்தமா ஒரு தொகை பேசி முடிச்சோம். பாதி மனு போடும்போது, மீதி கடைசி ஹியரிங் அன்னைக்கு டிடியா கையில வாங்கிட்டுதான் கையெழுத்து போட்டேன். ஒத்து வராம கோர்ட்டே மொத்தத் தொகை போடுறதா இருந்தா 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் 5 கோடி போட்ட தீர்ப்புல என்னென்ன பாக்கணும்னு வரிசையா இருக்கு, குடும்பத்துக்காக வேலையை விட்டீங்களாங்குறதும் அதுல ஒன்னு. அதனால பழைய ரிசைன் லெட்டர், ரிலீவிங் லெட்டர் இருந்தா எடுத்து வைங்க. மாசாமாசம் வாங்குறவங்க 2025ல வந்த ராக்கி சாதுகான் தீர்ப்பையும் லாயர்கிட்ட காட்டுங்கம்மா, அதுல மாசம் 50,000, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 5 சதவீதம் ஏத்தம்னு எழுதியிருக்காங்க. பெங்களூர் வாடகை ஏறுற ஏத்தத்துக்கு அந்த ஒரு வரியை உங்க மனுவுலயும் கேட்டு வாங்கிடுங்க.