அம்மாவை சிங்கப்பூர் அனுப்பணும்: பெங்களூரா, சென்னையா?

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் கிருஷ்ணகிரி பக்கத்துல காவேரிப்பட்டணம். தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா அடுத்த மாசம் சிங்கப்பூர் போறாங்க. வயசு 67, மூட்டு வலி, முதல் விமானப் பயணம், துணைக்கு ஆள் இல்லை.

பெங்களூர் டிக்கெட்ல ராத்திரி 11.15க்கு கிளம்பி காலைல 6.15க்கு இறங்குதுன்னு இருக்கு. "ஏழு மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காரணுமா சாமி"ன்னு அம்மா முட்டியைத் தடவிக்கிட்டே கேட்டாங்க. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னாடி, அதனால பறக்கறது நாலரை மணி நேரம்தான்னு சொன்ன பிறகுதான் முகம் தெளிஞ்சது.

பெங்களூர்ல இருந்து வான்வழி தூரம் ஏறக்குறைய 3,170 கி.மீ., சென்னையில இருந்து 2,900 சொச்சம். சென்னையில ஏறினா அரை மணி மிச்சம். ஆனா இங்கிருந்து மீனம்பாக்கம் 250 கி.மீ. கார்ல போகணும். பெங்களூர் விமான நிலையம் இருக்கற தேவனஹள்ளி அதுல பாதிதான், ஆனா ஓசூர் தாண்டினா நெரிசல். எனக்கு பெங்களூர்தான் சரின்னு படுது.

வயசானவங்களைத் தனியா அனுப்பினவங்க சொல்லுங்க: சக்கர நாற்காலி கேட்டா, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துல குடியேற்றச் சோதனை முடிஞ்சு வாசல் வரைக்கும் கூட வருவாங்களா? மாலை எத்தனை மணிக்கு கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டணும்?

அம்மா பிரசவ மருந்துப் பொடி இடிச்சு வெச்சிருக்காங்க. கசகசா அங்க தடைங்கறதால மசாலாவுல சேர்க்க வேண்டாம்னுட்டேன். மருந்துப் பொடியை எப்படிக் கட்டி அனுப்பினீங்க?